செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹாரன் அலறுகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து “செல்ஃப் போயிடுச்சு சார்” என்கிறார். நானும் அதை நம்பி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து என் வண்டியின் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதிது மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். ‘டக்’.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி பானெட்டைத் திறந்தார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கையால் ஆட்டிப் பார்த்தார். “அண்ணே, எர்த்து பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதைதான் எர்த். பச்சை பூத்துக் கிடந்த அந்த முனையைச் சுரண்டி, திரும்ப முறுக்கினார். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. ஒரு குறையும் இல்லாத என் பழைய மோட்டாரை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

சில வருடம் கழித்து என் மைத்துனர் வண்டியில் அதே ‘டக்’. அதே மாடல் கார்தான்: மூன்று சிலிண்டர் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். இந்தத் தடவை மீட்டரோடு போனேன். அவர் மோட்டார் உண்மையிலேயே போயிருந்தது. அன்று செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் இருக்கும் இடமும் போல்ட் அளவும் மாறும், வேலை இதேதான்.

உள்ளே என்ன நடக்கிறது

‘செல்ஃப்’ என்ற பேச்சே ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதன் மிச்சம். முன்பெல்லாம் வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்ற வேண்டும். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு அந்தக் கைப்பிடி நினைவிருக்கும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகுதான் வண்டி ‘தானாக’ எடுக்க ஆரம்பித்தது.

சாவியைத் திருப்பியதும் ஒரு மெல்லிய கம்பி வழியாகச் சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறது. மோட்டாரின் முதுகில் சின்ன உருளையாக ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் சோலனாய்டு. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். ஒரு நெம்புகோலை இழுத்து, பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தை, ஃபிளைவீல் என்கிற எஞ்சினின் கனச் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ரிங் கியரோடு கோக்கும். கூடவே உள்ளே இருக்கும் செம்புத் தகட்டை அழுத்தி, பேட்டரியின் பெரிய கேபிளை மோட்டாரோடு இணைக்கும். நாம் கேட்கும் ‘டக்’ இந்த இழுப்பின் சத்தம்தான். ஆகவே ‘டக்’ கேட்டால் சோலனாய்டின் சுருள் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. அதற்கு அப்புறம் எங்கோ தடை.

எஞ்சினைச் சுற்ற சின்ன பெட்ரோல் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும், டீசலில் இன்னும் அதிகம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை, அதாவது ஒரு துருப்பிடித்த முனை, இருந்தால் போதும். 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அந்த கேபிளைச் சோதித்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் காட்டும். நான் ஏமாந்ததும் இப்படித்தான்.

கழற்றும் முன்: அரை மணி நேரம், ஒரு மல்டிமீட்டர்

முதலில் காது கொடுங்கள். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்துக்கொண்டால் பேட்டரி பலவீனம் அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால் பெண்டிக்ஸ், அதாவது பினியனும் அதன் ஒருவழி கிளட்சும், வழுக்குகிறது. ‘கர்ர்ர்’ என்று பல் உரசினால் பினியனோ ரிங் கியரோ தேய்ந்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்சு, கிளட்ச் பெடலில் இருக்கும் சுவிட்சு, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இருக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்காவிட்டால் செல்ஃபையே தடுக்கும் வண்டிகளும் உண்டு. டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் மாற்றுச் சாவியை எடுத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. வெள்ளத்தில் ஓட்டி, எஞ்சின் நின்று, அதன் பிறகு ‘டக்’ மட்டும் கேட்டால் மேற்கொண்டு சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது, அதனால் எஞ்சின் பூட்டிக்கொள்கிறது. பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இது செல்ஃப் மோட்டார் வேலையே அல்ல. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி மீட்டர். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்தால் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத் திரும்ப வாருங்கள். அப்புறம் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அளக்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். மைத்துனர் பேட்டரியில் நிற்கும்போது 12.5, திருப்பும்போது 12.3. கிட்டத்தட்ட எதுவுமே இறங்கவில்லை! அதாவது மோட்டாருக்குள் மின்சாரமே ஓடவில்லை. பேட்டரிமேல் பழி போட இடமில்லாமல் போனது.

மீட்டர் இல்லாதவர்கள் இரவில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கு செத்துப்போகிற மாதிரி மங்கினால் பேட்டரி, அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. ‘டக்’ கேட்டும் விளக்கு அப்படியே எரிந்தால் சோலனாய்டின் செம்புத் தகடு, மோட்டாரின் கார்பன் (உள்ளே சுற்றும் பாகத்தை உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கட்டி), அல்லது ஏதோ ஒரு இணைப்பு.

அடுத்தது எனக்கு அந்தத் தம்பி காட்டிக்கொடுத்த சோதனை. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கொம்பில், அதாவது பேட்டரியிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில். கேபிளின் கிளாம்பில் வைக்கக் கூடாது, கொம்பிலேயே வைக்க வேண்டும். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடமாக. சாவியைத் திருப்பும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. அன்று என் வண்டியில் இதைச் செய்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். அதே மாதிரி பாசிட்டிவ் கொம்புக்கும் மோட்டாரில் பெரிய கேபிள் சேரும் ஸ்டட் என்கிற மரை முனைக்கும் நடுவே அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. மின்சாரம் ஓடினால்தான் வோல்ட் விழும். மைத்துனர் வண்டி மாதிரி உள்ளேயே தொடர்பு அறுந்திருந்தால் இரண்டு பக்கமும் பூஜ்யம்தான் காட்டும். அதை வைத்து ‘கேபிள் நல்ல கேபிள்’ என்று சொல்ல முடியாது. எப்படியும் முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் போகிறீர்கள், விடுங்கள்.

கடைசியாக, சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய கம்பி. பல மோட்டார்களில் அந்த முனையில் 50 என்றும், பெரிய கேபிள் முனையில் 30 என்றும் பொறித்திருக்கும். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது 50இல் 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, 30இலும் வருகிறது, எர்த்தும் சரி, எஞ்சினும் இறுகவில்லை. அப்படியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் வழக்கு முடிந்தது. 50இல் எதுவுமே வரவில்லையென்றால் மோட்டாரைத் தொடாதீர்கள், கோளாறு சாவிக்கும் மோட்டாருக்கும் நடுவில்.

எஞ்சின் இறுகவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மேனுவல் வண்டியில் சாவியை ஆஃப் செய்து, டாப் கியர் போட்டு, சமதரையில் மெல்லத் தள்ளுங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் எஞ்சின் சுற்றி வண்டி நகர்ந்தால் சரி.

ஸ்க்ரூடிரைவரை வைத்து 30ஐயும் 50ஐயும் ஷார்ட் செய்து வண்டி எடுப்பதைப் பல மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். வண்டி கியரில் இருந்தால் அப்படியே முன்னால் பாயும், நீங்கள் அதற்கு முன்னாலோ அடியிலோ இருப்பீர்கள். வேண்டாம். மோட்டாரைச் சுத்தியலால் தட்டுவதும் அப்படித்தான். ஒட்டிக்கொண்ட கார்பன் அசைந்து அன்றைக்கு வண்டி எடுக்கலாம். ஆனால் இன்றைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. ஓங்கித் தட்டினால் காந்தம் விரிசல் விடும். நடுரோட்டில் நின்றால் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். வீடு வந்து சேர அது போதும்.

புதிதா, ரிப்பேரா

மேனுவல் பெட்ரோல் வண்டியைத் தள்ளி இரண்டாவது கியரில் எடுத்துக்கொண்டு சில நாள் சமாளிக்கலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

முழு மோட்டாரும் சாவது அரிது. கார்பன் தேய்வது, சோலனாய்டின் செம்புத் தொடர்பு கருகுவது, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் சுருள்) உரசுவது, பெண்டிக்ஸ் வழுக்குவது என்று ஏதாவது ஒன்றுதான் போயிருக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருவார்கள். கார்பன் செட் மட்டும் என்றால் செலவு சில நூறு ரூபாயில் முடியும். ஆர்மேச்சர் எரிந்த வாடை வந்தால், அல்லது கார்பன் உரசும் செம்புப் பாகமான கம்யூட்டேட்டர் பள்ளம் விழுந்திருந்தால், நான் ரீவைண்டிங் (சுருளைப் புதிதாகச் சுற்றுவது) பக்கம் போகமாட்டேன். ரீவைண்டிங் நன்றாகவும் வரலாம், ஆறு மாதத்தில் திரும்பவும் வரலாம்.

புதிது வாங்குவதென்றால் பழைய மோட்டாரின் ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ், அப்புறம் பாஷ், டென்சோ, வாலியோ ஆகியவை இங்கே பல கார்களில் கம்பெனியிலிருந்தே வருகிற பெயர்கள். சென்னையில் ஜி.பி. ரோடு புது ஸ்பேருக்கு, புதுப்பேட்டை பழைய ஸ்பேருக்கு. புதுப்பேட்டையில் கழற்றின மோட்டார் வாங்கினால் கடையிலேயே பேட்டரி வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடை. பழசைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

நாங்கள் எதுவும் வாங்கவில்லை. என் அலமாரியில்தான் ஒன்று தூங்கிக்கொண்டிருந்ததே.

எடுத்து வைக்க வேண்டியவை

10 மி.மீ. ஸ்பேனர் பேட்டரி முனைக்கு. மோட்டார் போல்ட்டுக்கு இங்குள்ள சின்னக் கார்களில் பெரும்பாலும் 12 அல்லது 14, ஐரோப்பிய வடிவமைப்பு வண்டிகளில் 13, 16 வரலாம். ராட்செட்டும் நீளமும் குட்டையுமாக இரண்டு எக்ஸ்டென்ஷன் ராடும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், உப்புத்தாள், தலையில் மாட்டும் டார்ச். கண்ணாடி அவசியம். அடியில் படுத்தால் இருபது வருட மண் கண்ணில்தான் விழும்.

அடியில் போக வேண்டிய வண்டியென்றால் ஜாக் ஸ்டாண்டு இரண்டு. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறவர்கள் உண்டு. செங்கல்லை அடுக்கி வைப்பவர்களும் உண்டு, செங்கல் சொல்லாமல் நொறுங்கும். கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு மரக்கட்டை, ஸ்டாண்டு. ஏற்றி நிறுத்திய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியில் இருக்கும்போதே விழட்டும்.

கழற்றுதல்

எஞ்சின் ஆறட்டும். பல வண்டிகளில் சைலன்சர் மேனிஃபோல்டு மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஓடும். மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஏன் நெகட்டிவ்? பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு வரும் பெரிய கேபிளில் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸே கிடையாது, சாவி ஆஃபில் இருந்தாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது உங்கள் ஸ்பேனர் அந்த முனையையும் பாடியையும் ஒருசேரத் தொட்டால் வெல்டிங் ஆகும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் பாடியில் எங்கே தொட்டாலும் ஒன்றுமில்லை. கழற்றிய முனையில் ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள், அது தானாகத் துள்ளி கொம்பில் உட்காராதிருக்க. ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியென்றால் அந்த எண்ணை முன்பே தேடி எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் பெட்டி இருந்தால், அது ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள வண்டிகளில் சாதாரணம், அதை நெம்பாதீர்கள்.

மோட்டார் எங்கே? எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பில் இருக்கும், வேறெங்கும் இருக்க முடியாது, ஏனென்றால் ஃபிளைவீல் அங்கேதான் சுற்றுகிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து இறங்கும் தடித்த கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் கொண்டுபோய் விடும். அதை மறைத்துக்கொண்டு ஏர் ஃபில்டர் பெட்டியோ, பேட்டரித் தட்டோ, அடியில் பிளாஸ்டிக் கவரோ இருந்தால் முதலில் அவை. மோட்டார், காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருந்து, மேனிஃபோல்டையே இறக்க வேண்டிய வண்டி என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள். கேஸ்கட், பைப், சென்சார் என்று வேலை நீளும். நானென்றால் அந்த வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன்.

எதையும் கழற்றும் முன் போனில் நான்கு போட்டோ எடுங்கள். கேபிள் எந்தக் கோணத்தில் வருகிறது, எந்த போல்ட்டில் எந்தக் கிளிப் என்பது மூன்று மணி நேரம் கழித்து நினைவில் இருக்காது.

பெரிய கேபிள் முனையில் ரப்பர் மூடி இருக்கும். அதைப் பின்னால் தள்ளி, நட்டைக் கழற்றி, கேபிளை எடுங்கள். 50ஆம் முனையில் பெரும்பாலும் ஒரு செருகுக் கம்பி. பிளாஸ்டிக் பூட்டு இருந்தால் அழுத்திவிட்டு இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளக்கைப் பிடித்து இழுங்கள். கைக்கே எட்டாத கோணமாக இருந்தால் முதலில் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பிறகு இந்த முனைகளுக்கு வரலாம். நெகட்டிவ் கழற்றியிருக்கிறீர்கள், பயமில்லை.

இனி தாங்கு போல்ட்டுகள். இரண்டு இருக்கும், சில வண்டிகளில் மூன்று. கண்ணுக்குத் தெரிவது ஒன்று. இன்னொன்று மேலே, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று எஞ்சின் பக்கமிருந்தும் மற்றது கியர்பாக்ஸ் பக்கமிருந்தும் நுழைந்திருப்பது உண்டு. கழற்ற முடியவில்லையே என்று முறுக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் போல்ட்டின் தலையைப் பிடிக்காமல் நட்டைப் பிடித்திருக்கலாம். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் நல்லது. அப்படியும் இறுகியிருந்தால், கழற்றும் பக்கம் முழு பலத்தையும் போடுவதற்குப் பதில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அழுத்தம் கொடுங்கள். துருவின் பிடி விட்டதும் ‘க்ரிக்’ என்று சத்தம் கேட்கும். பிறகு கழற்றுங்கள். பாக்ஸ் ஸ்பேனர் ஆறு பக்கமுள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு பக்கம் தலையை உருட்டிவிடும்.

மைத்துனர் வண்டியில் மேல் போல்ட்டோடு ஒரு எர்த் கேபிளும் சேர்ந்து முறுக்கியிருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேபிளைத் தனியாக ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்தேன். திரும்ப மாட்ட மறந்தால் புதிய மோட்டாரும் ‘டக்’ என்றுதான் சொல்லும்.

கடைசி போல்ட்டை எடுக்கும் முன் ஒரு கையால் மோட்டாரைத் தாங்குங்கள். சின்னக் காரிலேயே மூன்று, நான்கு கிலோ இருக்கும், டீசலில் கூடுதல். முகத்துக்கு நேராக வைத்துக் கழற்றாதீர்கள். போல்ட் வந்த பிறகும் அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலும் கீழும் ஆட்டினால் வரும். பினியன் மூக்கு ஓட்டையை விட்டு வெளியே வர முதலில் நேராக இழுத்து, பிறகு சாய்க்க வேண்டும். எந்த வழியாக வெளியே எடுக்கிறீர்களோ அதே வழியில்தான் புதியது உள்ளே போகும். கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை திறந்திருக்கும்போதே பார்க்க வேண்டியது

மோட்டார் இருந்த ஓட்டை வழியாக ரிங் கியரின் பற்கள் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். டாப் கியரில் போட்டு வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளி (ஸ்டாண்டில் இருந்தால் ஒரு முன்சக்கரத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மற்றதைக் கையால் சுற்றி) முழு வட்டத்தையும் பார்க்க வேண்டும். அணைந்த எஞ்சின் கண்ட இடத்தில் நிற்காது. ஏதோ ஒரு சிலிண்டரில் அழுத்தம் ஏறும் இடத்தில் வந்துதான் நிற்கும். அதனால் செல்ஃப் எப்போதும் அதே சில இடங்களில்தான் கடிக்கும். நான்கு சிலிண்டர் வண்டியில் ரிங் கியர் எதிரெதிரே இரண்டு இடத்தில் தேயும், மூன்று சிலிண்டரில் மூன்று இடத்தில். ‘சில நேரம் எடுக்குது, சில நேரம் கர்ர்ங்குது’ என்று சொல்லும் வண்டிகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அந்த இடங்களில் பல் மழுங்கி உடைந்திருந்தால் புதிய மோட்டாரும் கொஞ்ச நாளில் பல்லை இழக்கும். ரிங் கியர் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அது வீட்டு வேலை அல்ல.

கழற்றிய மோட்டார் எண்ணெயில் குளித்திருந்தால், மேலே வால்வ் கவரிலிருந்தோ கிராங்க் சீலிலிருந்தோ ஒழுகுகிறது. கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு எந்த மோட்டாரையும் கொல்லும். ஒழுகலை முதலில் அடையுங்கள்.

இனி பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பினியன் பற்களை எண்ணுங்கள். ஒன்பதுக்குப் பதில் பத்து இருந்தாலும் ஆகாது. போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, மூக்கின் நீளம், முனைகள் நோக்கும் திசை, சுற்றும் திசை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ‘கிட்டத்தட்ட அதேதான் சார்’ என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாட்டுவதற்கு முன் தரையிலேயே ஒரு சோதனை. மோட்டாரை வைஸில் கடிக்க வையுங்கள், அல்லது ஷூ போட்ட காலால் அழுத்திப் பிடியுங்கள். கிளம்பும்போது உதறித் துள்ளும். ஜம்பர் கேபிளில் நெகட்டிவை மோட்டாரின் காதில் (போல்ட் ஓட்டை இருக்கும் நீட்சி), பாசிட்டிவை 30இல் கொடுங்கள். பிறகு 30இலிருந்து ஒரு கம்பியால் 50ஐத் தொடுங்கள். பினியன் முன்னால் பாய்ந்து வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பொறி பறக்க விடாதீர்கள், சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அலமாரி மோட்டார் சில வருடத் தூக்கத்துக்குப் பிறகும் முதல் தொடுதலிலேயே சீறியது. மைத்துனருடையது ‘டக்’ என்றதோடு சரி.

மாட்டுதல்

மோட்டார் உட்காரும் முகத்தையும், கியர்பாக்ஸில் அது சேரும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி நிறம் வரும் வரை தேயுங்கள். பெரும்பாலான மோட்டார்களுக்குத் தனி எர்த் கம்பி கிடையாது, உடம்பு வழியாகத்தான் மின்சாரம் திரும்புகிறது. அங்கே பெயின்டோ, துருவோ, கிரீஸோ இருக்கக் கூடாது. பினியனுக்கும் அதன் கிளட்சுக்கும் எண்ணெய் விடும் ஆசையையும் அடக்குங்கள். கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பினியன் நகராமல் சிக்கிக்கொள்ளும்.

மோட்டாரை நேராக உட்கார வைத்து, இரண்டு போல்ட்டையும் முதலில் விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு வராத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும், அந்த வேதனை செல்ஃப் மோட்டாரைவிடப் பெரியது. மோட்டாரின் முகம் முழுவதும் ஒட்டி உட்கார்ந்த பிறகு மாறி மாறி இறுக்குங்கள். முறுக்கு அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், 10 மி.மீ. தடிமனுள்ள போல்ட்டுக்குப் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும். போல்ட்டைக் கொண்டு மோட்டாரை இழுத்து உட்கார வைக்க முயன்றால் அதன் காது உடையும்.

30ஆம் முனையின் நட்டுக்குப் பத்து நியூட்டன் மீட்டர் அளவு போதும். அந்த ஸ்டட் செம்பு. ‘இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்’ என்று முறுக்கினால் ஸ்டட்டே சுற்றி, உள்ளே இருக்கும் தொடர்பு விலகும். புதிய மோட்டார் மாட்டிய அன்றே செத்ததாகச் சொல்கிறவர்களில் சிலர் இப்படிக் கொன்றவர்கள்தான். கேபிளின் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அது உலோகத்தில் எங்கேயும் உரசாமல் திரும்பியிருக்க வேண்டும், ரப்பர் மூடி திரும்ப மேலே வர வேண்டும். 50ஆம் முனை பிளக் ‘க்ளிக்’ என்று உட்கார வேண்டும். பிறகு அந்த எர்த் கேபிள். நூல் கட்டினேனே, அது. இரண்டு முனையையும் சுரண்டி, இறுக்கி முறுக்குங்கள்.

போட்டோவோடு ஒரு தடவை ஒப்பிடுங்கள். கழற்றிய ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய் கிளாம்ப், கவர் எல்லாம் திரும்ப வந்ததா, தரையில் ஸ்பேனர் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவைத் தொடும்போது சின்னப் பொறி வருவது சாதாரணம். பெரிதாக ‘பட்’ என்று வந்தால் உடனே எடுத்துவிட்டு, கேபிள் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

முதல் திருப்பு

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டு, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கிளட்ச் மிதித்து, சாவியைத் திருப்புங்கள். பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். எடுக்காவிட்டால் அரை நிமிடமாவது மோட்டாரை ஆற விட்டு அடுத்த முயற்சி. எடுத்ததும் சாவியை விட்டுவிடுங்கள். விட்ட பிறகும் ‘ஊய்ய்ங்’ என்று மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் சோலனாய்டு ஒட்டிக்கொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு உடனே பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். அதற்காகத்தான் முதல் ஸ்டார்ட் வரை 10 ஸ்பேனரை பானெட்டுக்கு மேலேயே வைத்திருப்பேன்.

ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று ஒரு பார்வை. ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியில்லாமல் பேட்டரி பாதிச் சார்ஜில் கிடந்தால் செல்ஃப் குறைந்த வோல்ட்டில் திணறும், புதியதும் சீக்கிரம் கெடும். பேட்டரி கழற்றியதால் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், கண்ணாடி ஜன்னலின் ஆட்டோ வசதி மறந்திருக்கலாம். ஓட்ட ஓட்டச் சரியாகும், ஜன்னலை மட்டும் மேனுவலில் சொல்லியபடி திரும்பப் பழக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்துப் பாருங்கள். சூட்டில் சுருளின் தடை ஏறும், பலவீனமான மோட்டாரும் மோசமான இணைப்பும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஒரு வாரம் கழித்து போல்ட்டுகளையும் முனைகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது.

மைத்துனர் வண்டியில் அலமாரி மோட்டார் இன்றும் ஓடுகிறது. அவருடைய செத்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். கார்பன்கள், ஸ்பிரிங் அழுத்தினாலும் கம்யூட்டேட்டரைச் சரியாகத் தொட முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தன. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தன. கார்பன் செட் ஒன்று வாங்கிப் போட்டு, அதே துணியில் சுற்றி, அதே அலமாரியில் வைத்திருக்கிறேன்.